போர்க்கால விமானங்களில் உங்களுக்கு ஏற்றது எது? வேகப் பட்டியல் சொல்லாத விஷயங்கள்

இரண்டாம் உலகப் போர்க்கால விமானம் ஒன்றைத் தேர்ந்து, கணினிச் சிமுலேட்டரிலோ நிஜத்திலோ ஓட்டிப் பழக விரும்புகிறவர்கள் முதலில் தேடுவது உச்ச வேகத்தை. மஸ்டாங் பி-51டி மணிக்கு 703 கி.மீ., ஸ்பிட்ஃபயர் மார்க் 9 ஏறத்தாழ 650 கி.மீ., ஜப்பானின் ஜீரோ 533 கி.மீ. எண்கள் சரிதான். ஆனால் ஒவ்வொரு எண்ணும் ஒரே ஓர் உயரத்துக்கு மட்டும் உரியது. அந்த உயரத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டர் கீழே வந்தால் கணக்கு மாறிவிடும், சில ஜோடிகளில் தலைகீழாகவே ஆகிவிடும்.

காரணம் சூப்பர்சார்ஜர். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. சிலிண்டருக்குள் போகும் காற்றின் அளவு குறைந்தால் சக்தியும் குறையும். அதை ஈடுகட்டக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதே சூப்பர்சார்ஜரின் வேலை. அதன் விசிறியின் அளவும் சுழலும் வேகமும் எந்த உயரத்துக்கு அமைக்கப்பட்டிருக்கின்றனவோ அங்கேதான் எஞ்சின் முழுமூச்சாக இழுக்கும். ஸ்பிட்ஃபயர் மார்க் 9 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உடல் ஒன்றுதான், எஞ்சின் மட்டும் மூன்று வகை. மெர்லின் 66 எஞ்சின் பொருத்திய எல்.எஃப். (தாழ்வான உயரத்துக்கான) வகை 21,000 அடியில் மணிக்கு 404 மைல் வேகம் தொடும். மெர்லின் 61 உள்ள எஃப். வகை 25,000 அடியில் 408 மைல். மெர்லின் 70 உள்ள எச்.எஃப். (அதிக உயரத்துக்கான) வகை 27,500 அடியில் 416 மைல். பட்டியலை மட்டும் பார்ப்பவர் மூன்றாவதைத்தான் எடுப்பார். ஆனால் 10,000 அடிக்குக் கீழே சண்டை நடக்கும் இடத்தில் முதலாவதுதான் ஏறும், முதலாவதுதான் துரத்தும். போர் உச்சத்தில் இருந்தபோது மார்க் 5 ஸ்பிட்ஃபயர்களில் சிலவற்றுக்கு இறக்கை முனைகளை நறுக்கி, சூப்பர்சார்ஜர் விசிறியின் விட்டத்தையும் குறைத்துத் தாழ்வான உயரத்துக்கு என்றே மாற்றினார்கள். மேலே பலவீனமாகிவிடும் என்று தெரிந்தே செய்த மாற்றம் அது.

அதனால் முதல் கேள்வி இது: நீங்கள் பறக்கப்போகும் உயரம் எது? கிழக்கு முனைச் சூழலில், அதாவது சோவியத் களத்தில், பெரும்பாலான சண்டை 5,000 மீட்டருக்குக் கீழே நடந்தது. அங்கே யாக்-3, லா-5எஃப்என் போன்றவை கொடிகட்டிப் பறந்தன. குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக 8,000 மீட்டருக்குப் போகும் வேலை என்றால் மஸ்டாங்கும் தண்டர்போல்ட் பி-47-ம்தான். ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190-இன் ஏ வகைகள் 6,500 மீட்டர் வாக்கில் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். அதே விமானம் 3,000 மீட்டரில் எவருக்கும் அச்சம் தரும்.

அடுத்தது, கட்டுப்பாடுகளின் கனம். இதைப் பட்டியல்கள் சொல்வதே இல்லை, விமானியின் கைக்கு மட்டும்தான் தெரியும். வேகம் கூடக் கூட ஸ்டிக்கை (கட்டுப்பாட்டுக் கோலை) அசைக்கத் தேவையான விசை கூடுகிறது. எந்த அச்சில், எந்த வேகத்தில், எவ்வளவு என்பது விமானத்துக்கு விமானம் மாறும். ஸ்பிட்ஃபயரின் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) எப்போதும் இலேசு. சிறிது இழுத்தாலே மூக்கு துள்ளி எழும். புதியவர்கள் தேவைக்கு மேல் இழுத்து ஸ்டாலுக்குள், அதாவது இறக்கை தாங்கும் விசையை இழக்கும் நிலைக்குள், போய்விடுவார்கள். ஐலரான்கள் (விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும் இறக்கைத் தகடுகள்) அப்படியில்லை. துணி போர்த்திய பழைய ஐலரான்கள் அதிவேகத்தில் கல்லாக இறுகின. உலோகத் தகடு வந்த பிறகே நிலைமை தேறியது. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் சிக்கல் வேறு அச்சில். 600 கி.மீ. தாண்டிய பாய்ச்சலில் எலிவேட்டர் மிகவும் கனத்துவிடும், மூக்கைத் தூக்க உடல் வலிமையே வேண்டும். எலிவேட்டரைத் தேவைக்கு முன்பே, வேகம் ஏறும் முன்பே, டிரிம் சக்கரத்தால் (ஸ்டிக்கின் விசையைச் சமன்படுத்தும் சக்கரம்) சரிசெய்து வைத்துக்கொள்பவர் பிழைப்பார்.

ஜீரோ இந்த விஷயத்தில் பாடமே நடத்தும். 1942 ஜூனில் அலூஷியன் தீவுகளில் அகுடான் என்ற தீவின் சதுப்பில் ஒரு ஜீரோ கவிழ்ந்து கிடந்தது. அமெரிக்கர்கள் அதை மீட்டுப் பழுதுபார்த்து சான் டியேகோவில் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். கண்டது மூன்று. 200 நாட் (knot) வேகத்துக்கு, அதாவது மணிக்கு 370 கி.மீ.க்கு மேல் ஐலரான்கள் இறுகுகின்றன. இடப்பக்கம் உருள்வதைவிட வலப்பக்கம் உருள்வது கடினம். மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் எஞ்சின் தடுமாறி நிற்கிறது. இந்த மூன்றையும் சேர்த்தால் தப்பும் வழி தானாக வந்துவிடுகிறது: மூக்கைத் தள்ளிப் பாய்ந்து, வேகம் ஏறியதும் வலப்பக்கம் உருண்டு விலகு. ஜீரோவை ஓட்டுகிறவருக்கும் இதே தகவல் தேவை. வேகத்தை 300 கி.மீ. அருகில் வைத்துத் திருப்பச் சண்டைக்கு (ஒருவரையொருவர் சுற்றித் திரும்பும் சண்டைக்கு) எதிரியை இழுத்தால் அதை அடிக்க ஆளில்லை. அவன் பாய்ந்து போனால் துரத்தக் கூடாது.

இதன் கொடூரமான நிரூபணம் நமக்கு அருகிலேயே நடந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ரத்மலானையிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 30-ம் ஸ்குவாட்ரனும் (படைப்பிரிவும்), கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த ஓடுதளத்திலிருந்து 258-ம் ஸ்குவாட்ரனும் ஹரிக்கேன்களோடு எழுந்தன. போதிய நேரத்துக்கு முன் எச்சரிக்கை கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் மெஸ்ஸர்ஷ்மிட்டைவிட இறுக்கமாகத் திரும்பிப் பழகிய ஹரிக்கேன், இங்கே உயரமும் இல்லாமல் வேகமும் இல்லாமல், தன்னைவிட இறுக்கமாகத் திரும்பும் எதிரியின் கீழே ஏறிக்கொண்டிருந்தது. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் சீனன்குடாத் தளத்தின் ஹரிக்கேன்களுக்கும் அடி பலமாக விழுந்தது. ஹரிக்கேன் மோசமான விமானம் இல்லை. எதிரே நிற்பவரைவிட எதில் மேல் என்பது தெரியாமல் எந்த விமானத்தை எடுத்தாலும் இந்த நிலைதான்.

சரி, வானத்தில் இருப்பது ஒரு பாதி. தரையில்தான் பலர் தங்கள் விருப்ப விமானத்தின் மேல் வைத்த ஆசையை இழக்கிறார்கள், சிமுலேட்டரிலும் சரி, நிஜத்திலும் சரி.

இந்த விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு வால் சக்கரம். எடையின் மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஓடும்போது விமானம் சிறிது திரும்பினால், பின்னால் இருக்கும் எடை அந்தத் திருப்பத்தை இன்னும் வளர்க்கும். ரட்டர் (வால் சுக்கான்) மிதியில் கால் தாமதித்தால் வால் சுற்றி முன்னால் வந்துவிடும். கூடவே, ஓடத் தொடங்கும்போது எஞ்சினின் முறுக்கும் ப்ரொப்பல்லரின் சுழல்காற்றும் மூக்கை ஒரு பக்கம் இழுக்கின்றன. மெர்லின் ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட், ஃபோக்கவுல்ஃப், மஸ்டாங் எல்லாம் இடப்பக்கம் இழுக்கும். வலது கால் வேண்டும். கிரிஃபன் எஞ்சின் பொருத்திய ஸ்பிட்ஃபயர் மார்க் 14 எதிர்த்திசையில் சுழலும். அதற்கு இடது கால். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் ரட்டர் டிரிம்மைப் பழக்கத்தில் தவறான பக்கம் வைத்துவிட்டு ஓடுதளத்தை விட்டு வெளியே போவது நடக்கும்.

மெஸ்ஸர்ஷ்மிட் 109 கவிழ்வதற்குச் சக்கரங்களின் குறுகிய இடைவெளிதான் காரணம் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். அளந்து பார்த்தால் அது நிற்காது. ஸ்பிட்ஃபயரின் இரு சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.74 மீட்டர்தான், 109-க்கு ஏறத்தாழ 2 மீட்டர். வித்தியாசம் கால்களின் கோணத்தில் இருக்கிறது. 109-இன் கால்கள் உடலில் பொருத்தப்பட்டு வெளிப்பக்கம் சாய்ந்து விரிகின்றன. இறக்கையைக் கழற்றினாலும் விமானம் தன் காலில் நிற்கட்டும், ரயிலில் ஏற்றவும் பழுதுபார்க்கவும் வசதியாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்தார்கள். ஆனால் சக்கரங்கள் சாய்ந்து தரையைத் தொடுவதால், எடை ஒரு பக்கம் சாய்ந்த கணத்தில் அந்தச் சக்கரம் விமானத்தைத் தன் போக்கில் திருப்ப முயல்கிறது. ஸ்பிட்ஃபயரின் கால்கள் ஏறக்குறைய நேராக இறங்குகின்றன. குறுகலாக இருந்தாலும் அடக்கமாக ஓடும். எனவே 109-இல் த்ராட்டிலை (எஞ்சின் சக்தி நெம்புகோலை) மெதுவாகத் திறங்கள், வாலை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள், வால் சக்கரப் பூட்டு இருக்கும் வகையில் அதைப் பூட்டிவிட்டே ஓடுங்கள். இறங்கும்போது மூன்று சக்கரமும் ஒன்றாகப் பட வேண்டும். மூன்றரை மீட்டர் அகலம் உள்ள ஃபோக்கவுல்ஃபும் மஸ்டாங்கும் இந்த இடத்தில் பெரிய ஆறுதல்.

ஸ்பிட்ஃபயருக்குத் தரையில் வேறு குணம். தொடக்க கால வகைகளில் ரேடியேட்டர் வலது இறக்கையின் கீழே, இறங்கி நிற்கும் காலுக்குப் பின்னால் இருந்தது. தரையில் காத்திருந்தால் காற்று போதாமல் குளிர்விப்பான் நீர் கொதிக்கும். எஞ்சின் கிளம்பியதும் தாமதமின்றி ஓடுதளத்துக்கு வந்துவிட வேண்டும். பிரேக் காற்றழுத்தத்தில் இயங்கும். ஸ்டிக் கைப்பிடியில் இருக்கும் நெம்புகோலை அழுத்திக்கொண்டே ரட்டர் மிதியால் பக்கம் தேர்வு செய்ய வேண்டும். கீபோர்டு பொத்தானை பிரேக்குக்கு வைத்தால் முழு அழுத்தம்தான் கிடைக்கும், மூக்கு கவிழும். இதை நகரும் அச்சு ஒன்றுக்கு ஒதுக்குங்கள். ஃபிளாப்புக்கு (இறங்கும்போது தாழ்த்தும் இறக்கைத் தகடு) முழுமையாக மேலே, முழுமையாகக் கீழே என்ற இரண்டே நிலைகள். ஏறும்போது அதைத் தொடவே வேண்டாம். சக்கர நெம்புகோல் வலப்பக்கம் இருப்பதால் எழுந்த உடனே இடது கையை ஸ்டிக்குக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன் த்ராட்டிலின் உராய்வுத் திருகை இறுக்காதவருக்கு, கை எடுத்ததும் த்ராட்டில் தானாகப் பின்னால் வந்து சக்தி குறைந்துவிடும். இறங்கும்போது நீண்ட மூக்கு ஓடுதளத்தை மறைப்பதால் நேராக வரக் கூடாது. வளைந்து வந்து, கடைசிக் கணத்தில் நேராக்கி, மணிக்கு 150 கி.மீ. வாக்கில் விளிம்பைத் தாண்ட வேண்டும்.

அமெரிக்கக் கடற்படையின் கோர்செயருக்கும் இதே வளைந்த வழிதான் கைகொடுத்தது. கப்பல் தளத்தில் அதன் இடது இறக்கை முதலில் ஸ்டாலாகித் தொப்பென்று விழும். வலது இறக்கையின் முன் விளிம்பில் ஒரு சிறு பட்டை ஒட்டியதில் இரு பக்கமும் ஒன்றாக ஸ்டாலாகி அது தீர்ந்தது. தரையிலும் வானிலும் தொல்லை தராத ஒன்று வேண்டும் என்பவருக்கு அதே கடற்படையின் ஹெல்கேட்டைத் தயங்காமல் சொல்லலாம். பெரிய இறக்கை, இதமான ஸ்டால், உறுதியான கால்கள்.

விமானி அறைக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதும் தேர்வை முடிவுசெய்யும். ஃபோக்கவுல்ஃபின் பி.எம்.டபிள்யூ. 801 எஞ்சினில் ஒரே நெம்புகோல்தான். எரிபொருள் கலவை, ப்ரொப்பல்லர் கோணம், சூப்பர்சார்ஜர் கியர் எல்லாவற்றையும் ஒரு கருவி தானே கவனிக்கும். 109-இன் பிற்கால வகைகளிலும் ப்ரொப்பல்லர் தானியங்கி. ஆனால் ரட்டருக்குப் பறந்தபடி மாற்றும் டிரிம் பெரும்பாலான வகைகளில் கிடையாது. ஏறும்போது வலது கால், பாய்ச்சலில் இடது கால் என்று கால் ஓயாமல் வேலை செய்யும். சிமுலேட்டரில் ரட்டர் மிதி இல்லாமல் முறுக்கு ஸ்டிக் மட்டும் வைத்திருப்பவருக்கு இது மணிக்கட்டு வலி. மஸ்டாங்கில் ப்ரொப்பல்லர் வேகமும் மேனிஃபோல்டு அழுத்தமும் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், அங்குலத்தில் அளப்பது) தனித்தனி. சக்தியைக் கூட்டும்போது முதலில் சுழற்சி, பிறகு அழுத்தம். குறைக்கும்போது முதலில் அழுத்தம், பிறகு சுழற்சி. மாற்றிச் செய்தால் எஞ்சின் தட்டும். தரையிலிருந்து எழுவதற்கு 3,000 சுற்று, 61 அங்குலம். 67 அங்குலம் ஐந்து நிமிடத்துக்கு மட்டும். இறங்கும் வேகத்தில் த்ராட்டிலை ஒரேயடியாகத் தள்ளினால் முறுக்கு விசை விமானத்தையே இடப்பக்கம் உருட்டிவிடும். தவறிய இறக்கத்தைத் திருத்தப் போய் உயிர்விட்டவர்கள் உண்டு.

பிரிட்டிஷ் மெர்லினுக்கு நெகட்டிவ் ஜி-யில், அதாவது உடல் இருக்கையை விட்டு எழும்பும் கணத்தில், ஒரு பழைய நோய். மிதவை வைத்த கார்புரேட்டர் என்பதால் மூக்கைத் தள்ளியதும் எஞ்சின் திக்கும். நேரடியாக எரிபொருளைப் பீய்ச்சும் ஜெர்மன் டிபி 601 எஞ்சினுக்கு அது இல்லை. அதனால் 1940-இல் மெஸ்ஸர்ஷ்மிட் மூக்கைத் தள்ளிப் பாய்ந்தால், ஸ்பிட்ஃபயர் பாதி உருண்டு தலைகீழாகி, ஸ்டிக்கை இழுத்துப் பின்தொடர வேண்டியிருந்தது. 1941-இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் எரிபொருள் குழாயில் பொருத்தும் சிறிய வளையம் ஒன்றைத் தந்தார். அது பெரும்பகுதி குணமாக்கியது. சிமுலேட்டரில் மார்க் 1-ஐ எடுப்பவர் உருண்டு பின்தொடரும் வழக்கத்தைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

எரிபொருள் பற்றி யாரும் யோசிப்பதில்லை, தீர்ந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். ஸ்பிட்ஃபயரின் உள் தொட்டிகளில் 85 பிரிட்டிஷ் காலன், சுமார் 386 லிட்டர். 109-இல் 400 லிட்டர். மஸ்டாங் டி-யில் இறக்கைகளில் தலா 92 அமெரிக்க காலன், விமானியின் பின்னால் 85 காலன். மொத்தம் ஆயிரம் லிட்டருக்கு மேல். இத்தகைய தொட்டிகளால்தான் 1944 மார்ச்சில் அதற்கு முந்தைய பி-51பி வகை பெர்லின் வரை துணை போனது. ஆனால் அந்தப் பின் தொட்டி நிரம்பியிருக்கும்போது எடை மையம் பின்னால் போய்விடுகிறது. இறுக்கமாகத் திருப்பினால் ஸ்டிக் தானே உங்கள் வயிற்றை நோக்கி வரும், விமானம் ஸ்பின்னில் (சுழன்றபடி கீழே விழும் நிலையில்) விழும். நடைமுறை இது: இடது இறக்கைத் தொட்டியில் கிளம்புங்கள். கார்புரேட்டரிலிருந்து திரும்பி வரும் எரிபொருள் அங்கேதான் போகிறது. இடம் இருக்க வேண்டும். உயரம் எட்டியதும் பின் தொட்டிக்கு மாறி, மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே கொண்டு வாருங்கள். அதன் பிறகுதான் வெளியே தொங்கும் தொட்டிகள். உள்ளூர்ச் சண்டைக்கு மட்டும் பறப்பவர் பின் தொட்டியை நிரப்பவே வேண்டாம். மஸ்டாங் சரியாகத் திரும்புவதில்லை என்று குறைபடுபவர்களில் பாதிப் பேர் நிரம்பிய தொட்டியோடு திருப்புகிறவர்கள்.

துப்பாக்கியில் கவனிக்க வேண்டியது எங்கே பொருத்தியிருக்கிறது, எத்தனை நொடி சுடலாம் என்பவை. ஸ்பிட்ஃபயர் மார்க் 1-இல் எட்டு பிரௌனிங் துப்பாக்கி, தலா 300 குண்டு. 15 நொடியில் தீரும். ஜீரோவின் தொடக்க வகையில் 20 மி.மீ. பீரங்கிக்குத் தலா 60 குண்டுதான், ஏழு நொடி வாக்கில் முடிந்துவிடும்; அதன் குண்டு மெதுவாகப் போவதால் 7.7 மி.மீ. துப்பாக்கி படும் இடமும் இது படும் இடமும் வேறு. மஸ்டாங்கின் ஆறு துப்பாக்கிகளுக்கு 1,880 குண்டு. உள்பக்க இரண்டுக்குத் தலா 400, மற்ற நான்குக்குத் தலா 270. இறக்கைத் துப்பாக்கிகள் ஒரு புள்ளியில் குவியும்படி சாய்த்து வைக்கப்படும். பிரிட்டிஷ் விமானப்படையான ஆர்.ஏ.எஃப். முதலில் 400 கெஜத்துக்கு வைத்தது. சண்டை கண்ட விமானிகள் 250 கெஜத்துக்குக் குறைத்தார்கள். சிமுலேட்டரிலும் அதையே வையுங்கள், 250 மீட்டருக்கு மேல் சுடாதீர்கள். மூக்கிலிருந்து சுடும் 109, யாக், லைட்னிங் பி-38 ஆகியவற்றில் இந்தக் குவியத் தொல்லை இல்லை. குறிபார்க்கும் திறன் இன்னும் வளராதவருக்கு அவை உதவும்.

சென்னை மாகாணத்தின் நன்கொடைக்காக மெட்ராஸ் பிரசிடென்சி என்று பெயர் சூட்டப்பட்ட 264-ம் ஸ்குவாட்ரன் ஓட்டிய டிஃபையண்டில் முன்பக்கம் சுடும் துப்பாக்கியே இல்லை. நான்கும் பின்னால் சுழலும் கூண்டில். 1940 ஆகஸ்ட் இறுதியில் பகல் சண்டையில் கடும் இழப்பு கண்டு அது இரவுப் பணிக்கு மாற்றப்பட்டது. பெயருக்காக அதை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுவது நியாயம். ஆனால் விமானியால் குறிவைக்க முடியாத போர் விமானம் அது.

என் தேர்வைக் கேட்டால், ஸ்பிட்ஃபயர் எல்.எஃப். மார்க் 9. இறக்கையின் முனைக்குப் போகப் போகக் கோணம் சுமார் இரண்டரை டிகிரி குறைவதால் ஸ்டால் வேரில் தொடங்குகிறது. விமானம் நடுங்கி எச்சரிக்கும், ஐலரான் அப்போதும் வேலை செய்யும். அந்த நடுக்கத்தின் விளிம்பிலேயே திருப்பிக்கொண்டு போகலாம். ஃபோக்கவுல்ஃபில் அப்படி எச்சரிக்கை வராது; இழுத்தது கூடிப்போனால் பட்டென்று மறுபக்கம் புரட்டிவிடும். ஆனால் திருப்பச் சண்டையில் இறங்காமல், மேலிருந்து பாய்ந்து, ஒருமுறை சுட்டு, மேலேறி விலகும் பொறுமை உள்ளவருக்கு ஃபோக்கவுல்ஃபைவிடச் சிறந்தது இல்லை. உருளும் வேகத்தில் அதற்கு நிகர் அன்று எதுவும் இல்லை. 1942 ஜூனில் ஒரு ஜெர்மன் விமானி வழி தவறி வேல்ஸின் பெம்ப்ரி தளத்தில் அதை இறக்கியதும் பிரிட்டிஷார் ஸ்பிட்ஃபயர் மார்க் 5-ஓடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திருப்பும் வட்டம் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் அது முந்தியது.

தொடங்குகிறவருக்கு டி.சி.எஸ். வேர்ல்டு சிமுலேட்டரில் ஆயுதமில்லாத டி.எஃப்-51டி இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் தரையில் ஓட்டிப் பழகுங்கள்: ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் வால் சக்கரம் பூட்டும், முன்னால் தள்ளினால் விடுபடும். பிறகு 40 அங்குலத்தோடு ஓடி, நேராக ஓடத் தொடங்கிய பிறகு 61-க்கு ஏற்றுங்கள். 3,000 மீட்டரில் சக்கரமும் ஃபிளாப்பும் இறக்கி ஸ்டாலாக்கிப் பாருங்கள். எந்த இறக்கை முதலில் விழுகிறது, எவ்வளவு உயரம் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறக்கம் கைவந்த பின்தான் சண்டை. அதன் பிறகு எந்த விமானத்துக்கு மாறினாலும் இதே வரிசை.

நிஜத்தில் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. இந்தியாவில், 1944 முதல் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய விமானப்படையின் அருங்காட்சியகத்தில், டெல்லி பாலமில் அதை நின்று பார்க்கலாம். இங்கிலாந்தில் குட்வுட், பிகின் ஹில் தளங்களிலிருந்து இரட்டை இருக்கை ஸ்பிட்ஃபயரில் பயணியாகப் பறக்கலாம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இரட்டைக் கட்டுப்பாடு கொண்ட மஸ்டாங்கில் பயிற்சி கிடைக்கிறது. தனியாக ஓட்டும் இடத்துக்கு வருபவர்கள் வழக்கமாக ஏறும் படிகள் டைகர் மாத் அல்லது சிப்மங்க், அடுத்து ஹார்வர்டு ஆகிய பயிற்சி விமானங்கள், பிறகே ஸ்பிட்ஃபயர். இதில் பெரும்பகுதி நேரம் ஹார்வர்டில்தான் போகும்; பின் இருக்கையிலிருந்து, முன்னால் எதுவும் தெரியாத நிலையில் அதை நேராக இறக்கத் தெரிந்தவரிடம்தான் ஸ்பிட்ஃபயரைத் தருவார்கள்.